ஆட்டிசம், கவனக்குறைவு உள்ள குழந்தைகளின் சாப்பாடு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைக்கு ஆட்டிசம் என்றோ ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத் துடிப்பு என்றோ மருத்துவர் சொன்ன அந்த வாரமே அறிவுரைகள் வந்து குவிந்துவிடும். பாலை நிறுத்து என்பார் ஒருவர், கோதுமையை நிறுத்து என்பார் இன்னொருவர், சர்க்கரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார் மூன்றாமவர். கீழே உள்ளவை தெரபி மையங்களின் காத்திருப்பு வரிசையில் தினமும் காதில் விழும் கேள்விகள்.

சாப்பாட்டை மாற்றினால் ஆட்டிசம் குணமாகுமா?

ஆகாது. ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. எந்த உணவும் அதைக் கொண்டுவருவதில்லை, எந்த உணவை நிறுத்தினாலும் அது போய்விடுவதும் இல்லை.

அதற்காகச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு நாளாக மலம் கழிக்காத குழந்தையால் பாடத்தைக் கவனிக்க முடியாது. இரத்தசோகை உள்ள குழந்தைக்கு எரிச்சல் வரும், தூக்கம் கெடும். பேச்சு வராத குழந்தை வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதும், கையைக் கடித்துக்கொள்ளும். நாமோ அதையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்தத் தொல்லைகளைத் தீர்த்தாலே பல வீடுகளில் பெரிய மாற்றம் தெரிகிறது. ஆகவே தட்டிலிருந்து எதை எடுப்பது என்று யோசிப்பதற்கு முன், அதில் எது இல்லை என்று பாருங்கள்.

கோதுமையும் பாலும் இல்லாத உணவுமுறையைப் பலரும் சொல்கிறார்களே?

கோதுமையில் உள்ள குளூட்டன், பாலில் உள்ள கேசீன் என்ற இரண்டு புரதங்களையும் முழுவதுமாக விலக்கும் முறை இது. 1970-களின் இறுதியில் வந்த ஓர் ஊகம் இதற்கு அடிப்படை. மூளையில் அபின் போன்ற பொருள்கள் மிகுவதே ஆட்டிசத்துக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் கருதினார். இந்தப் புரதங்கள் சரியாகச் செரிக்காமல் துண்டுகளாகி, குடலிலிருந்து இரத்தத்துக்குக் கசிந்து, மூளையில் அபின் போல வேலை செய்கின்றன என்று அவருக்குப் பின் நார்வேயின் ரைக்கெல்ட் சொன்னார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் நுட்பமான கருவிகளைக் கொண்டு ஆட்டிசக் குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, அந்தத் துண்டுகள் எதிர்பார்த்தபடி அதில் இல்லை.

நேரடிச் சோதனைகளும் கைகொடுக்கவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று. அதில் 14 சிறு குழந்தைகளைக் கண்டிப்பான பத்தியத்தில் வைத்தார்கள். பிறகு குளூட்டன், கேசீன், இரண்டும் கலந்தது, இரண்டும் இல்லாதது என்று நான்கு வகைத் தின்பண்டங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எந்த நாளில் எது கொடுக்கப்பட்டது என்று பெற்றோருக்கும் தெரியாது, பார்வையிட்டவர்களுக்கும் தெரியாது. நடத்தை, தூக்கம், மலம் எதிலும் வித்தியாசம் தென்படவில்லை. 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இவ்வளவு கட்டுப்பாட்டுடன் நடந்த சோதனைகள் குறைவு. சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு மருந்தாக இந்தப் பத்தியத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

சரி, பலன் இல்லாவிட்டாலும் நஷ்டமில்லையே என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு சராசரியைவிட மெலிந்திருப்பதையும், பால்பொருள் இல்லாத பத்தியத்தில் இருந்தவர்களுக்கு அது இன்னும் மெலிந்திருப்பதையும் 2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டு வீட்டில் கோதுமையை நிறுத்துவது அப்படியொன்றும் கடினமல்ல. அரிசியும் கேழ்வரகும் இருக்கின்றன. பாலை நிறுத்துவதுதான் ஆபத்தான பாதி. தயிர்சாதத்தை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தையிடமிருந்து தயிரையும் பிடுங்கிவிட்டால் என்ன மிச்சம்?

அப்படியும் ஒருமுறை முயன்றுபார்க்க விரும்புகிறோம். எப்படிச் செய்வது?

உங்கள் குழந்தை, உங்கள் முடிவு. சில முன்னேற்பாடுகளோடு செய்யுங்கள்.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். அந்த நோய் உறுதியானால் கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்கத்தான் வேண்டும். அது வேறு விஷயம்.

இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒன்றை நிறுத்தி, எத்தனை வாரம் பார்க்கப்போகிறீர்கள் என்பதை உணவியல் நிபுணரோடு பேசி முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முடிவு தேதி இல்லாத பத்தியம் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடும், நிறுத்தவும் பயமாக இருக்கும். அந்த வாரங்களில் புதிய தெரபி, புதிய மருந்து, பள்ளி மாற்றம் எதையும் தொடங்கக் கூடாது. பத்தியம் பற்றித் தெரியாத ஒருவர், உதாரணமாக வாரம் ஒருமுறை பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளர், மாற்றம் தெரிகிறதா என்று சொல்லட்டும்.

குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அதாவது சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை. ரவை, சேமியா, சோயா சாஸ், மால்ட் சேர்த்த சத்துபானங்கள், கடைச் சத்துமாவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பள்ளியின் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா கிச்சடி வரும் நாட்களுக்கு மாற்று தேவைப்படும்.

பாலை நிறுத்தினால் கால்சியத்துக்குக் கணக்குப் போட வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவையும் உதவும். குழந்தை இவற்றைத் தொடவே மாட்டேன் என்றால், பாலை நிறுத்தும் யோசனையைக் கைவிடுவதே நல்லது.

எங்களுக்குத் தெரிந்த பையனுக்குப் பாலை நிறுத்தியதும் பேச்சு வந்ததே?

வந்திருக்கும். பொய்யென்று சொல்லவில்லை. அந்தப் பையன் அதே மாதங்களில் வளர்ந்துகொண்டும் இருந்தான், பெரும்பாலும் பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தான். பாலால் வயிறு உப்பி வலித்திருந்தால் அந்த வலி நின்றதும் உற்சாகமாகியிருப்பான். எது காரணம் என்று ஒரு வீட்டின் அனுபவத்தைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

இனிப்பு சாப்பிட்டால் என் மகள் ஆட்டம் போடுகிறாள். சர்க்கரைதானே காரணம்?

உலகம் முழுவதும் தாய்மார்கள் சத்தியம் செய்யும் விஷயம் இது. சோதனைகள் வேறு சொல்கின்றன. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாற்று இனிப்பு என்று தெரியாமல் நடத்திய பல சோதனைகளைத் தொகுத்து 1995-இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமா ஒரு கட்டுரை வெளியிட்டது. குழந்தைகளின் நடத்தையைச் சர்க்கரை மாற்றவில்லை என்பதே அதன் முடிவு.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவையானது. சர்க்கரை சாப்பிட்டால் என் மகனைப் பிடிக்க முடியாது என்று சொன்ன தாய்மார்களை அழைத்தார்கள். 5 முதல் 7 வயது வரையான அந்தப் பையன்கள் எல்லோருக்குமே சர்க்கரை இல்லாத பானத்தைத்தான் கொடுத்தார்கள். ஆனால் பாதித் தாய்மாரிடம் ‘உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளை அளவுக்கு மீறித் துள்ளுவதாக மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையை ஒட்டியே நின்றார்கள், அதிகம் கண்டித்தார்கள்.

இனிப்பு கிடைக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பிறந்தநாள் வீடு, கல்யாண மண்டபம், தீபாவளி. இரைச்சல், கூட்டம், தூக்கமின்மை எல்லாம் அங்கே சேர்ந்தே இருக்கும். ஆனாலும் சர்க்கரையைக் குறையுங்கள். பல் துலக்கவிடாத குழந்தைக்குச் சொத்தை விழுந்தால், சில நேரம் மயக்க மருந்து கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய வேண்டிவரும். அந்த ஒரு காரணம் போதும்.

கலர் சேர்த்த தின்பண்டங்கள்?

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட் 1970-களில் இதைக் கிளப்பினார். அவர் சொன்ன அளவுக்குப் பின்னர் நிரூபணம் கிடைக்கவில்லை. ஆனால் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2007-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆறு செயற்கை நிறங்களில் சிலவற்றையும், உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானம் சாதாரணக் குழந்தைகளிடமே துடிப்பைச் சிறிதளவு கூட்டுவதாகக் காட்டியது. சராசரியில் விளைவு சிறியது, குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டது. இதையடுத்து 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆறு நிறங்கள் கலந்த உணவின் உறையில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை கட்டாயமானது.

அந்த ஆறில் டார்ட்ராசின், சன்செட் எல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் 102, 110, 122, 124 என்ற எண்களைத் தேடுங்கள். சோடியம் பென்சோயேட்டின் எண் 211. உறையே இல்லாத பொருள்களில்தான் தொல்லை அதிகம். கேசரி, ஜிலேபி, சிவந்து மின்னும் சிக்கன் 65, பஜ்ஜி. எவ்வளவு போட்டார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது, அதில் ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் இருந்ததால்தான். அது உணவு நிறமே அல்ல.

நீக்கச் சொல்லப்படும் பொருள்களில் நான் யோசிக்காமல் சம்மதிப்பது இது ஒன்றுக்குத்தான். கேசரிப் பவுடர் சாப்பிடாததால் எந்தக் குழந்தைக்கும் சத்துக்குறைவு வந்ததில்லை.

என் மகன் மூன்று நான்கு பொருள்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிக்கல்கள் மற்றக் குழந்தைகளைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. புரதமும் கால்சியமும்தான் அவர்களுக்கு அதிகம் குறைகின்றன.

பிடிவாதம் என்று பெயர் வைப்பதற்கு முன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தயிர்சாதத்தை வைத்ததும் குழந்தை முதலில் கடுகைத் தேடும். ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஒற்றியெடுத்துத் தட்டின் விளிம்பில் ஒட்டும். கறிவேப்பிலை அதற்கு முன்பே வெளியே போயிருக்கும். ஒரே ஒரு கடுகு தப்பி வாய்க்குள் போய்ப் பல்லில் நொறுங்கிவிட்டால் அன்றைய சாப்பாடு அத்தோடு முடிந்தது. மறுநாள் தயிர்சாதத்தைப் பார்த்தாலே முகம் திரும்பும். அந்த ஒரு நொறுங்கல் நமக்குக் கேட்பதே இல்லை. அந்தக் குழந்தைக்கு அது தாங்க முடியாத அதிர்ச்சி. தாளிக்காமல் கொடுத்தால் இந்தச் சண்டையே இல்லை.

ஏற்றுக்கொண்ட உணவிலிருந்து ஒரு சிறு படி மட்டும் நகருங்கள். வெள்ளை இட்லி மட்டும் சாப்பிடுகிறானா? மாவில் ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவு கலந்து ஓர் இட்லி, பக்கத்தில் வழக்கமான இட்லிகள். வடிவத்தை அப்படியே வைத்து நிறத்தை மட்டும் மாற்றுகிறீர்கள். அடுத்த மாற்றத்துக்கு வாரங்கள் ஆகட்டும். கேரட்டை மசித்து இட்லிக்குள் ஒளித்துவைக்கும் தந்திரம் வேண்டாம். குழந்தை கண்டுபிடித்துவிட்டால் கேரட்டோடு இட்லியும் பட்டியலிலிருந்து போய்விடும். குழந்தை பார்க்கும்படியே கலக்குங்கள்.

புதிய உணவு நேராக வாய்க்குப் போக வேண்டும் என்பதில்லை. முதலில் மேசையில் இருக்கட்டும், பிறகு தட்டில். தொடுவது, முகர்வது, நாக்கில் வைத்துவிட்டுத் துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். குறிப்பிட்ட கம்பெனியின் பிஸ்கட்டை உறையோடு பார்த்தால்தான் சாப்பிடுவான் என்றால், இன்றே அதை டப்பாவில் போட்டுக் கொடுக்கப் பழக்குங்கள். கம்பெனி உறையை மாற்றும் நாளில் உங்களுக்கு ஒரு சண்டை குறையும்.

பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ் என்று மட்டுமே வாழும் குழந்தைகளுக்கு, பாடப்புத்தகத்தில் மட்டும் இருப்பதாக நாம் நினைக்கும் ஸ்கர்வி இன்றும் வருகிறது. கால் வலித்து நடக்க மறுப்பார்கள், ஈறு வீங்கி இரத்தம் கசியும். மூட்டுநோய், இரத்தப் புற்றுநோய் என்றெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில்தான் வைட்டமின் சி நினைவுக்கு வரும். ஒரு சிறிய கொய்யாப்பழத்தில் குழந்தையின் ஒருநாள் தேவை முழுவதும் இருக்கிறது. பழமே ஆகாது என்றால் மருத்துவரிடம் சொட்டுமருந்தோ சிரப்போ கேட்டு வாங்குங்கள்.

எடை குறைந்தாலோ, இதுவரை சாப்பிட்டவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டாலோ, விழுங்கும்போது இருமினாலோ வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள்.

‘பசித்தால் தானாகச் சாப்பிடுவான், விட்டுவிடு’ என்கிறார் என் மாமியார்.

மற்றப் பேரக்குழந்தைகளிடம் அது பலித்திருக்கும். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பசி என்ற உணர்வே தெளிவாகத் தெரிவதில்லை. பட்டினி போட்டால் சாப்பிடாமலே இருந்துவிடுவார்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும் வேண்டாம், தட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிடும்.

மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறான்.

இரும்புச்சத்தையும் இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பரிசோதியுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டித் தின்னும் குழந்தைக்கு ஈயம் ஏறியிருந்தால் அதுவே கவனத்தைக் கெடுக்கும். குடற்பூச்சி மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்றும் பாருங்கள்.

இரும்புச்சத்துக்கும் கவனத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம் என்பதால், அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேளுங்கள். அது குறைந்த குழந்தைகள் இரவில் கால்களை உதறிக்கொண்டே இருப்பார்கள், தூங்க மாட்டார்கள். மறுநாள் வகுப்பில் என்ன கவனம் இருக்கும்? ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் இரும்பு குறையும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பை உடலில் சேரவிடாது. இரும்பு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் விஷம்.

ஒமேகா-3, மீன் எண்ணெய் மாத்திரை?

ஏ.டி.எச்.டி.யில் சிறிதளவு பலன் இருப்பதாகச் சோதனைகளின் தொகுப்புகள் சொல்கின்றன. மருந்தின் பலனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. மீன் சாப்பிடும் வீடென்றால் மத்தி, அயிலை, நெத்திலி வாரம் இரண்டு முறை போதும். டப்பா மாத்திரையைவிட மத்தி மலிவு.

வல்லாரை, வசம்பு, நாட்டு மருந்து?

வல்லாரைத் துவையல் நல்ல துவையல், கொடுங்கள். நினைவாற்றலை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பேச்சு வரவேண்டும் என்று வசம்பைத் தேனில் உரசி நாக்கில் தடவுவது வேண்டாம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பதற்கு 1968 முதலே தடை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பஸ்பம், லேகியங்களில் ஈயமோ பாதரசமோ இருக்கக்கூடும்.

இவற்றைவிடக் கொடியவை இணையம் வழியாக வருகின்றன. குளோரின் டை ஆக்சைடு என்ற வெளுப்புத் திரவத்தை ஆட்டிசத்துக்கு மருந்தாக விற்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் மறுபடியும் எச்சரித்தும் அது ஓயவில்லை. உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் ஊசி போட்டதில், 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான்.

இரத்தத்தில் ‘உணவு ஒவ்வாமை’ பார்க்கும் பெரிய பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்களே?

நூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்த்துப் பச்சை, சிவப்பு என்று பட்டியல் தருவது ஒவ்வாமைப் பரிசோதனை அல்ல. ஒரு பொருளைச் சாப்பிட்டதற்கான அடையாளம்தான் அது. ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தில் ஃபெரிட்டினும் வைட்டமின் டி-யும் பாருங்கள்.

ஏ.டி.எச்.டி. மாத்திரை தொடங்கியதிலிருந்து மதிய டப்பா அப்படியே திரும்பி வருகிறது.

ஏ.டி.எச்.டி.க்கு வழக்கமாகத் தரும் மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும், அதிலும் நண்பகலில். மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். முட்டை தோசை, நெய்ப்பொங்கல் என்று கனமானதாக இருக்கட்டும். மதியத்துக்குச் சிறிய அளவு போதும், சண்டை வேண்டாம். மாலை நான்கு, ஐந்து மணிக்கு மருந்தின் வேகம் தணிந்ததும் பசி பாய்ந்து வரும். அப்போது பிஸ்கட் பாக்கெட்டை நீட்டாமல் சாப்பாட்டையே வையுங்கள், படுக்கும் முன் இன்னொரு சிறு உணவு. 10 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்க வேண்டும்.

ஆட்டிசத்தில் கடும் எரிச்சலைத் தணிக்கத் தரும் ரிஸ்பெரிடோன் மருந்தைத் தொடங்கிய குழந்தைக்கு இது தலைகீழ். பசி அடங்காது, எடை ஏறும். முறுக்கு டின் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும்.

மலச்சிக்கலுக்கு?

தண்ணீர், பழம், கீரை எல்லாம் சரிதான், ஆனால் மலம் இறுகிவிட்ட பிறகு வாழைப்பழம் மட்டும் தீர்க்காது. மருத்துவர் தரும் மலமிளக்கியை அவர் சொல்லும் காலம் வரை கொடுங்கள். இரண்டு நாளில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. உள்ளாடையில் அடிக்கடி கறை படிவது வயிற்றுப்போக்கு என்று தோன்றும். பெரும்பாலும் அது உள்ளே அடைத்துக்கொண்டதன் ஒழுகல்.

போனைக் காட்டித்தான் ஊட்ட முடிகிறது.

ஒரே நாளில் பிடுங்காதீர்கள். நாளின் ஒரு சிறு வேளையை மட்டும் போன் இல்லாத வேளையாக்குங்கள். அதுவும் குழந்தைக்கு மிகப் பிடித்த பொருள் தட்டில் இருக்கும் வேளையாக இருக்கட்டும்.

யாரிடம் போவது?

முதலில் குழந்தைகள் நல மருத்துவர். செலவில்லாமல் வேண்டுமென்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் இந்த மையங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

போகும்போது ஒரு வாரம் குழந்தை வாயில் போட்ட அனைத்தையும், நேரம், அளவு, மலம் கழித்த நாள், தூங்கிய நேரத்தோடு எழுதி எடுத்துப்போங்கள். பாட்டி டீயில் நனைத்துக் கொடுத்த பிஸ்கட்டும் அதில் இருக்க வேண்டும்.